21 இடமா, 37 இடமா? கிழக்குத் திமோரில் ஆட்சி அமைக்கும் உரிமை யாருக்கு?

செங்கதிர்

நண்பர்களே, சின்ன நாடு என்பதால் கிழக்குத் திமோர் பற்றி நம்மில் பலர் படிப்பதில்லை. நான் கொஞ்ச நாளாக அந்த நாட்டு நாடாளுமன்ற வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன். மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலை வேண்டும் என்றார்கள். 2001-இல் அரசியல் நிர்ணய சபைத் தேர்தல். 88 இடங்களில் 55 இடங்களை, விடுதலைக்குப் போராடிய பழைய கட்சியான ஃபிரெட்டிலின் வென்றது. 2002 மே 20 அன்று நாடு சுதந்திரம் பெற்றதும் அந்தச் சபையே முதல் நாடாளுமன்றமாக மாறியது. ஃபிரெட்டிலினின் மாரி அல்காத்திரி பிரதமர் ஆனார்.

அடுத்த தேர்தல் 2007-இல். இப்போது அவையில் 65 இடங்கள்தான். ஃபிரெட்டிலின் 21, விடுதலைப் போராட்டத் தலைவரும் அதுவரை ஜனாதிபதியாக இருந்தவருமான ஷனானா குஸ்மாவ் புதிதாகத் தொடங்கிய சி.என்.ஆர்.டி. 18. முதல் இடத்தில் வந்தது ஃபிரெட்டிலின். ஆனால் ஆட்சி அமைத்தது இரண்டாவதாக வந்த சி.என்.ஆர்.டி. தேர்தல் முடிந்த பிறகு ஏ.எஸ்.டி.டி.–பி.எஸ்.டி. கூட்டணியின் 11 பேரையும் ஜனநாயகக் கட்சியின் 8 பேரையும் சேர்த்துக்கொண்டு 37 என்று கணக்குக் காட்டினார்கள். ஜனாதிபதி ராமோஸ்-ஹோர்த்தா அதை ஏற்றார்.

இது மக்கள் தீர்ப்பைப் புரட்டிய செயல் என்பது என் கருத்து. அந்த 37 பேர் கூட்டணி வாக்குச்சீட்டில் இல்லை. வாக்குப் பதிவு நாளன்று அப்படி ஒரு அணியே கிடையாது. முதல் இடம் பிடித்த கட்சிக்கு அவையில் தன் பலத்தைக் காட்ட ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டும். அது மறுக்கப்பட்டதால்தான் பௌகாவ், விக்கெக்கே மாவட்டங்களில் வீடுகள் எரிந்தன. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மலர்விழி

செங்கதிர் அண்ணா, எண்களைச் சரியாகத் தந்திருக்கிறீர்கள், ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை.

21 என்பது 65-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிரெட்டிலின் 2007-இல் வாங்கிய வாக்கு 29 சதவீதம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதே கட்சி வாங்கியது 57. பாதி ஆதரவு போய்விட்டது. ஏன் போனது என்று பார்க்காமல் “முதல் இடம்” என்று மட்டும் பேசினால் அது பாதி உண்மைதான்.

2006-இல் என்ன நடந்தது? மேற்கு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகத் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று மனுக் கொடுத்த படைவீரர்கள், சுமார் 600 பேர், வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். அப்புறம் ராணுவமும் போலீசும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. தலைநகர் டிலியில் வீடு வாசல் இழந்து ஒன்றரை லட்சம் பேர் வரை இடம்பெயர்ந்தார்கள். பத்து லட்சம் சொச்சம் மக்கள் உள்ள நாட்டில் அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜூன் மாதமே அல்காத்திரி பதவி விலக நேர்ந்தது. தனிப் பெரும்பான்மையோடு ஆண்ட ஒரு கட்சி நாட்டை அந்த நிலையில் கொண்டுவந்து விட்டது. மறு ஆண்டு மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள்.

கூட்டணி சேர்ந்த மூன்று அணிகளின் வாக்கைக் கூட்டிப் பாருங்கள். 24.1, 15.7, 11.3. மொத்தம் 51 சதவீதம். மூவருமே பிரச்சாரத்தில் ஃபிரெட்டிலின் ஆட்சி வேண்டாம் என்றுதான் வாக்குக் கேட்டார்கள். அவர்களுக்கு வாக்களித்தவர் யாரும் ஏமாற்றப்படவில்லை. 51 பெரிதா, 29 பெரிதா?

இன்னொன்று. நாடாளுமன்ற ஆட்சிமுறையில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. அவையில் யார் 33 பேரைக் காட்டுகிறாரோ அவர் ஆள்வார்.

செங்கதிர்

2006-இன் துயரத்தை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். அதற்கு அல்காத்திரி அரசு மட்டும்தான் காரணமா என்பது தனி விவாதம். அன்றைய ஜனாதிபதி ஷனானாவுக்கும் பிரதமருக்கும் இடையே இருந்த பகையும் அதில் எண்ணெய் ஊற்றியது.

ஆனால் தங்கச்சி, நீங்கள் சொல்லும் ‘33 பேர்’ விதி அந்த நாட்டு அரசியலமைப்பில் அப்படியே இல்லை. 106-ஆம் பிரிவைப் பாருங்கள். பிரதமரை முன்மொழிவது யார்? “அதிக வாக்குப் பெற்ற கட்சி, அல்லது நாடாளுமன்றப் பெரும்பான்மை உள்ள கட்சிகளின் கூட்டணி” என்ற பொருளில்தான் போர்த்துக்கீசிய மூலத்தில் எழுதியிருக்கிறது. அதாவது அதிக வாக்குப் பெற்ற கட்சியை அரசியலமைப்பே பெயர் சொல்லி மதிக்கிறது. அதற்குப் பெரும்பான்மை வேண்டும் என்றுகூட அங்கே சொல்லவில்லை. முதலில் எழுதியிருப்பதும் அதைத்தான்.

என் வாதம் இதுதான். முதலில் எழுதப்பட்டவருக்கு முதல் வாய்ப்பு. அவரால் அவையைத் தாண்ட முடியாவிட்டால் கூட்டணி. அந்த வரிசையை 2007-இல் தாண்டிக் குதித்துவிட்டார்கள்.

மலர்விழி

அந்தச் சொற்றொடரில் ‘அல்லது’ என்றுதான் இருக்கிறது, ‘முடியாவிட்டால்’ என்று இல்லை. வரிசை நீங்கள் சேர்ப்பது. அந்த வாசகத்தை எழுதிய சபையில் ஃபிரெட்டிலினுக்கு 55 பேர் இருந்தார்கள். வரிசை வேண்டும் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே எழுதியிருக்கலாமே?

அந்த ‘அல்லது’ எங்கே சாய வேண்டும் என்று முடிவு செய்வது ஜனாதிபதி. கட்சிகளைக் கலந்து பேசிவிட்டு நியமிக்க வேண்டும். ராமோஸ்-ஹோர்த்தா ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை. ஜூன் 30 தேர்தல். அவர் ஷனானாவை அழைத்தது ஆகஸ்ட் 6. இடையில் எல்லோரும் சேர்ந்த தேசிய அரசு அமையட்டும் என்று வாரக்கணக்கில் பேசிப் பார்த்தார். அது பலிக்காத பிறகுதான் 37 பேர் பக்கம் போனார்.

கணக்கன்

இருவரும் அனுமதித்தால் கொஞ்சம் எண்கள். இந்த விவாதத்தில் தேர்தல் முறையைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்சி அமைப்பு இப்படி இருப்பதற்கு அதுதான் பாதிக் காரணம்.

2007 முதல் அங்கே தொகுதிகளே இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. மக்கள் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். கட்சி கொடுத்த பட்டியலில் மேலிருந்து கீழாக உறுப்பினர்கள் தேர்வாகிறார்கள். ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைக்கும் ஈவுகளில் பெரிய 65-ஐ எடுத்து இடம் கொடுப்பார்கள். டோண்ட் முறை என்பார்கள். இதில் ஒரு கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற வேண்டுமானால் ஏறத்தாழ பாதி வாக்கு வாங்கியாக வேண்டும். 2007-க்குப் பிறகு எந்தத் தனிக் கட்சிக்கும் அது கைகூடவில்லை. 2023-இல் 41.6 சதவீதம் வாங்கிய சி.என்.ஆர்.டி. கூட 31 இடத்தோடு நின்றது. இரண்டு குறைவு. ஆக, அங்கே கூட்டணி என்பது தலைவர்களின் ஆசையால் மட்டும் வருவதில்லை. முறையே அதைக் கேட்கிறது.

இன்னொரு பக்கம், குறைந்தபட்ச வாக்கு வரம்பு. முதலில் 3 சதவீதம், 2017 முதல் 4. அதற்குக் கீழே வாங்கினால் ஓர் இடமும் கிடையாது. 2012-இல் 21 அணிகள் போட்டியிட்டன. அவைக்குள் வந்தவை நான்கே நான்கு: சி.என்.ஆர்.டி. 30, ஃபிரெட்டிலின் 25, ஜனநாயகக் கட்சி 8, ஃபிரென்டே முடான்சா 2. மீதிக் கட்சிகளுக்கு விழுந்த வாக்கு மொத்தம் 20 சதவீதம். ஐந்தில் ஒரு வாக்காளரின் குரல் அவைக்கு வரவே இல்லை. குண்டோ என்ற புதுக்கட்சி 2.97 சதவீதம் வாங்கி வாசலிலேயே நின்றுவிட்டது. அதே கட்சி 2017-இல் 6.4 சதவீதத்தோடு 5 இடம் பெற்று, யார் ஆள்வது என்பதையே தீர்மானித்தது.

மலர்விழி சொன்ன 51 சதவீதம் 2007-க்குச் சரி. ஆனால் “அவைப் பெரும்பான்மை என்றால் மக்கள் பெரும்பான்மை” என்று எப்போதும் சொல்ல முடியாது. 2012-இல் சி.என்.ஆர்.டி.க்குக் கிடைத்த வாக்கு 36.7 சதவீதம், இடமோ 46 சதவீதம்.

தமிழ்நிலா

ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 2007-இல் ஃபிரெட்டிலினோடு சேர ஒரு பெரிய கட்சிகூட முன்வரவில்லையே, ஏன்? ஜனநாயகக் கட்சியினரும் விடுதலைக்குப் போராடியவர்கள்தானே?

செங்கதிர்

போராடியவர்கள்தான், ஆனால் வேறு தலைமுறை. ஃபிரெட்டிலின் 1975-இலேயே சுதந்திரப் பிரகடனம் செய்த கட்சி. இந்தோனேசியப் படையெடுப்புக்குப் பின் அல்காத்திரி போன்றவர்கள் மொசாம்பிக்கில் இருந்து இயங்கினார்கள். ஜனநாயகக் கட்சியின் ‘லசாமா’ போன்றவர்கள் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் எதிர்ப்பு இயக்கம் நடத்திச் சிறை சென்றவர்கள். போர்த்துக்கீசிய மொழியை ஆட்சி மொழியாக்கியதில் இந்த இளைய தலைமுறைக்கு மனத்தாங்கல் உண்டு. ஏ.எஸ்.டி.டி.யோ ஃபிரெட்டிலினின் பழைய பெயரையே எடுத்துக்கொண்டு, அதன் முதல் தலைவர் சேவியர் டோ அமரால் நடத்திய கட்சி. குடும்பத்துக்குள் வந்த பிளவு என்று சொல்லலாம்.

சி.என்.ஆர்.டி. என்ற பெயரும் அப்படித்தான். விடுதலைப் போராட்டத்தின் பொது அமைப்புக்கு அதே எழுத்துகள்தான் சுருக்கப் பெயர். அது கலைக்கப்பட்ட பிறகு 2007-இல் ஷனானா வேறு விரிவாக்கத்தோடு அதே எழுத்துகளைத் தன் கட்சிக்கு வைத்துக்கொண்டார். மலைக்கிராமத்தில் 1999 நினைவோடு வாக்களிக்க வரும் ஒரு மூதாட்டிக்கு அந்த நான்கு எழுத்தும் என்ன சொல்லும்? இதுவும் எனக்கு நியாயமாகப் படவில்லை.

டிலி வாசி

நான் 2016 கடைசியிலிருந்து நான்கு ஆண்டு டிலியில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தேன். நீங்கள் 2007 பற்றியே பேசுகிறீர்கள். நான் கண்ணால் பார்த்தது 2017. செங்கதிர் சார் கேட்கும் ‘முதல் வாய்ப்பு’ அப்போது நிஜமாகவே கொடுக்கப்பட்டது. அது எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

2017 ஜூலை 22 தேர்தல். ஃபிரெட்டிலின் 23, சி.என்.ஆர்.டி. 22. வாக்கு வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான். பி.எல்.பி. என்ற புதுக்கட்சி 8, ஜனநாயகக் கட்சி 7, குண்டோ 5. அல்காத்திரி ஜனநாயகக் கட்சியையும் குண்டோவையும் பேசி வைத்திருந்தார். 23, 7, 5 சேர்ந்தால் 35. நல்ல பெரும்பான்மை. கடைசி நேரத்தில் குண்டோ விலகிக்கொண்டது. 35 என்பது 30 ஆகிவிட்டது. ஆனாலும் ஜனாதிபதி லு-ஓலோ, அவரும் ஃபிரெட்டிலின்காரர், அதிக வாக்குப் பெற்ற கட்சி என்ற முறையில் அல்காத்திரிக்கே பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்.

அக்டோபரில் அரசின் செயல்திட்டம் அவைக்கு வந்தது. 30-க்கு எதிராக 35 வாக்கில் தோற்றது. இரண்டாவது முறையும் தோற்றால் அரசு கவிழும் என்பது விதி. அதனால் இரண்டாவது முறை கொண்டுவருவதையே தள்ளிப்போட்டார்கள். எதிரணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தது. சபாநாயகர் அதை விவாதத்துக்கு எடுக்கவில்லை. தேர்தல் நடந்து ஆறு மாதத்துக்குள் அவையைக் கலைக்க முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த ஆறு மாதம் ஜனவரி 22-ஆம் தேதி முடிந்தது. 26-ஆம் தேதி கலைப்பு அறிவிப்பு.

இதெல்லாம் செய்தித்தாளில் படிக்கும்போது அரசியல். எங்கள் அலுவலகத்தில் அது சம்பளப் பிரச்சினை. புது பட்ஜெட் நிறைவேறாவிட்டால், போன ஆண்டு பட்ஜெட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் மாதா மாதம் செலவழிக்கலாம். டுவோடெசிமு என்பார்கள். டிலியில் டீக்கடைக்காரருக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். புது வேலை எதற்கும் பணம் கிடையாது. முடித்த வேலைக்கான பில்லும் நகராது. நாங்கள் ஒரு அரசுத் துறைக்குச் செய்த வடிகால் வேலைக்கு எட்டு மாதம் பணம் வரவில்லை. கூலிக்கு வந்த உள்ளூர் ஆட்கள் காலையில் கேட்டில் நிற்பார்கள். “மாவுன், ஓசான் மாய் ஓனா?” என்பார்கள். அண்ணா, பணம் வந்துவிட்டதா என்று அர்த்தம். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. 2018 பட்ஜெட் நிறைவேறியது செப்டம்பரில்.

அந்த நாட்டு பட்ஜெட்டின் பெரும்பகுதி பெட்ரோலிய நிதியத்திலிருந்து வருகிறது. பணம் வங்கியில் இருக்கிறது. எடுக்கத்தான் அவையின் வாக்கு வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பெரும்பான்மை இல்லாதவருக்கு ஆட்சியைக் கொடுத்துப் பார்ப்பது மரியாதைக்கு நல்லது, மக்களுக்கு நல்லதில்லை.

மலர்விழி

டிலி வாசி அண்ணா, நேரில் பார்த்ததை எழுதியதற்கு நன்றி. நான் பத்து வரியில் சொல்ல முயன்றதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது.

செங்கதிர்

மனதைத் தொட்டது சார். கூலி வராத மனிதரின் முன்னால் 106-ஆம் பிரிவைப் பேச எனக்கே தயக்கமாக இருக்கிறது.

இருந்தாலும் அந்த 35 பேர் செயல்திட்டத்தைத் தோற்கடித்துவிட்டு வேறு அரசு அமைக்க உரிமை கேட்டார்கள். ஜனாதிபதி கொடுக்காமல் கலைத்தார். அது அவர் தவறு என்று நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் வாய்ப்பு தோற்றால் இரண்டாவது வாய்ப்பு கூட்டணிக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வரிசை. லு-ஓலோ பாதி வரிசையை மட்டும் கடைப்பிடித்தார்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2018 மே 12 தேர்தலில் சி.என்.ஆர்.டி., பி.எல்.பி., குண்டோ மூன்றும் ஒரே பட்டியலாக, தேர்தலுக்கு முன்பே கூட்டணி அறிவித்து நின்றன. 49.6 சதவீத வாக்கு, 34 இடம். கூட்டணி சேர்ந்ததை யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் விரும்புவது இதைத்தான். சேர்வதானால் மக்களிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

மலர்விழி

அந்த 34 எத்தனை நாள் நீடித்தது? 2020 ஜனவரியில் தன் அரசின் பட்ஜெட்டையே சி.என்.ஆர்.டி. ஆதரிக்கவில்லை. அரசு அமைந்து இருபது மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் ‘புரட்டு’ என்று சொன்ன 2007 கூட்டணியோ முழு ஐந்து ஆண்டு ஆண்டது. 2008 பிப்ரவரியில் கிளர்ச்சிப் படைவீரர்கள் ஜனாதிபதியைச் சுட்டு உயிருக்குப் போராட வைத்தார்கள், அதே நாளில் பிரதமரின் வாகனத்தையும் தாக்கினார்கள். அப்போதும் அது கலையவில்லை. முகாம்களில் இருந்த மக்களை வீட்டுக்கு அனுப்பியதும் அந்த அரசுதான். தேர்தலுக்கு முன்னா, பின்னா என்பது அவ்வளவு முக்கியமாக இருந்தால் நடந்தது நேர் எதிராக இருக்கிறதே?

கணக்கன்

இது நல்ல கேள்வி. எனக்குத் தோன்றும் விடை: யார் பிரதமர் என்பதில் இருக்கிறது.

2007-இல் பிரதமரின் கட்சிதான் கூட்டணியிலேயே பெரியது. 37-இல் 18. மற்றவர்களுக்கு விலக ஆசை வந்தாலும் போக்கிடம் இல்லை. 2018-இல் 34-இல் 21 பேர் சி.என்.ஆர்.டி. ஆனால் பிரதமர் தாவுர் மாத்தான் ருவாக், 8 பேர் கொண்ட பி.எல்.பி.யின் தலைவர். ஷனானா அமைச்சரவைக்கு வெளியே இருந்தார். பெரிய கட்சி சின்ன கட்சிக்குத் தோள் கொடுத்த ஏற்பாடு அது. அதன் மேல், சி.என்.ஆர்.டி. முன்மொழிந்த அமைச்சர்கள் பலருக்கு, விசாரணையில் பெயர் அடிபடுகிறது என்று காரணம் சொல்லி ஜனாதிபதி லு-ஓலோ பதவிப் பிரமாணம் செய்து வைக்க மறுத்தார். அதற்காகப் பிரதமர் போதுமான அளவு போராடவில்லை என்று சி.என்.ஆர்.டி.க்குக் கோபம். 21 பேரை வைத்திருப்பவரிடம் அதிகாரம் இல்லை, 8 பேரை வைத்திருப்பவரிடம் இருந்தது. அது எத்தனை நாள் தாங்கும்?

டிலி வாசி

கணக்கன் சொன்னது டிலியில் எல்லோரும் அப்போது பேசிக்கொண்டதுதான். ஷனானாவை அங்கே ‘மாவுன் போட்’, பெரிய அண்ணன் என்பார்கள். பெரிய அண்ணன் வெளியே உட்கார்ந்திருக்கும் வீடு நிலைக்காது என்று எங்கள் டிரைவர் சொல்வார்.

2020-இல் மறுபடியும் டுவோடெசிமு. இம்முறை கொரோனாவோடு சேர்ந்து. பிப்ரவரியில் ஷனானா ஆறு கட்சிகளைச் சேர்த்து 34 பேரோடு புதுக் கூட்டணி காட்டினார். ஜனாதிபதி அழைக்கவில்லை. ராஜினாமா கொடுத்திருந்த தாவுர், தொற்றைக் காரணம் சொல்லி ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார். குண்டோ மறுபடி பக்கம் மாறியது. ஃபிரெட்டிலின் 23, பி.எல்.பி. 8, குண்டோ 5 என்று 36 பேர் பிரதமருக்குப் பின்னால் வந்தார்கள். மே மாதம் சபாநாயகரை மாற்றும்போது அவையில் மேசைகளைக் கவிழ்த்தார்கள், போலீஸ் உள்ளே வந்தது. நான் அதை அலுவலக டி.வி.யில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பெண் அழுதுவிட்டார். “இதற்காகவா காட்டில் செத்தார்கள்?” என்றார். அவருடைய அப்பா காட்டில் இருந்த போராளி.

செங்கதிர்

அப்படியென்றால் மலர்விழி, இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். 2007-இல் 37 பேர் இருந்த கூட்டணியை அழைத்தது சரி என்றீர்கள். 2020-இல் 34 பேர் இருந்த கூட்டணியை அழைக்காமல் விட்டது?

மலர்விழி

தவறுதான். பிப்ரவரியில் அழைத்திருக்க வேண்டும். ஷனானாவைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதை வைத்து நான் பேசவில்லை. பின்னால் 36 பேர் வந்தது வேறு விஷயம். அந்த இடைவெளியில் ஜனாதிபதி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது அவர் கட்சிக்குச் சாதகமாக முடிந்தது. அதை மறுக்க மாட்டேன்.

தமிழ்நிலா

கேட்டுக்கொண்டே வந்தேன், இப்போது எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது. நீங்கள் எல்லோரும் “யார் ஆள்வது” என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிர்வரிசையில் யார் உட்காருவது?

2015 பிப்ரவரியில் ஷனானா தானாகப் பதவி விலகி, ஃபிரெட்டிலினைச் சேர்ந்த ரூய் மரியா டி அராவுஜோவைப் பிரதமர் ஆக்கினார். எதிர்க்கட்சிக்காரரைப் பிரதமராக்கியதை உலகமே பாராட்டியது. ஃபிரெட்டிலின்காரர்கள் தனிப்பட்ட தகுதியில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவையில் 30-ம் 25-ம் ஒரே பக்கம். 65-இல் 55. மீதி யார் கேள்வி கேட்பது?

அந்த ஆண்டு டிசம்பரில் 2016 பட்ஜெட்டை அன்றைய ஜனாதிபதி தாவுர் மாத்தான் ருவாக் திருப்பி அனுப்பினார். பெரிய கட்டுமானங்களுக்குப் பணம் போகிறது, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போதவில்லை என்பது அவர் வாதம். அவை மறுபேச்சில்லாமல் அதே பட்ஜெட்டை ஒருமனதாக மீண்டும் நிறைவேற்றியது. அவைக்குள் எதிர்க்கட்சி இல்லாததால் ஜனாதிபதியே எதிர்க்கட்சி ஆக வேண்டியிருந்தது. பதவி முடிந்ததும் அவர் பி.எல்.பி.யின் தலைவராக வந்தார், 8 இடம் வென்றார். 2017-இல் அவை ஐந்தாக உடைந்ததற்கு 2015-இன் பெரிய ஒற்றுமைதான் விதை போட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் ராமோஸ்-ஹோர்த்தா 2007-இல் பேசிப் பார்த்த தேசிய அரசு பலிக்காமல் போனது நல்லதுதான். ஃபிரெட்டிலின் அந்த ஐந்து ஆண்டும் உரக்கக் கேள்வி கேட்டது.

டிலி வாசி

இதில் மட்டும் மாறுபடுகிறேன் தமிழ்நிலா. அந்த இரண்டு ஆண்டு அமைதியாக இருந்தது. ரூய் ஒரு டாக்டர், நல்ல நிர்வாகி என்று எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் சொல்வார்கள். 2006-இல் வீடு எரிந்தவர்களுக்கு ஷனானாவும் அல்காத்திரியும் கட்டிப்பிடித்துக்கொண்டதே பெரிய ஆறுதல். பகை தணிந்ததன் பலன் பின்னாலும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவோடு கடல் எல்லை ஒப்பந்தம் 2018 மார்ச் 6 அன்று கையெழுத்தானது. அப்போது பிரதமர் அல்காத்திரி, பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைமை ஷனானா. உள்ளூரில் ஒருவர் அரசை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருந்த அதே மாதங்கள். கடல் விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

தமிழ்நிலா

ஆறுதல் என்பதை ஏற்கிறேன் அண்ணா. அந்த ஆறுதலின் விலையைத்தான் கேட்கிறேன். எல்லோரும் ஆளும் கட்சியானால் ஒப்பந்தம் யாருக்குப் போகிறது என்று யார் கேட்பார்கள்? கடல் எல்லைக்கு ஒன்றாக நிற்க ஒரே அமைச்சரவையில் இருக்கத் தேவையில்லை என்பதற்கும் நீங்கள் சொன்ன 2018-தான் சாட்சி.

செங்கதிர்

தமிழ்நிலா சொன்னது என்னை யோசிக்க வைத்தது. “புரட்டு” என்ற சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். 2007-இல் ஜனாதிபதி சட்டத்தை மீறவில்லை. ஆனால் ஒரே பிரிவு 2007-இல் ஒரு பொருள், 2017-இல் இன்னொரு பொருள், 2020-இல் மூன்றாவது பொருள் என்று மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜனாதிபதி மாளிகையில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து. 2012-இலும் 2023-இலும் சிக்கல் வராததற்குக் காரணம், முதல் இடமும் பெரும்பான்மைக் கூட்டணியும் ஒரே பக்கம் விழுந்தன. 2023-இல் சி.என்.ஆர்.டி. 31, ஜனநாயகக் கட்சி 6, மறுபடி அதே 37. அது அதிர்ஷ்டம். அடுத்த முறை விழாமல் போகலாம்.

அதனால் 106-ஐத் திருத்த வேண்டும். முதல் இடம் பெற்ற கட்சிக்கு இத்தனை நாள், முடியாவிட்டால் கூட்டணிக்கு இத்தனை நாள், அதுவும் முடியாவிட்டால்தான் கலைப்பு.

கணக்கன்

திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வேண்டும். 65-இல் 44. 2023-இல் அமைந்த அவையில் ஆளும் கூட்டணிக்கு 37, குண்டோவின் 5-ஐ முழுதாகச் சேர்த்தாலும் 42. பி.எல்.பி.யின் 4 பேரும் வந்தால் 46. ஆனால் 2020-இல் நடந்ததற்குப் பிறகு பி.எல்.பி.யும் சி.என்.ஆர்.டி.யும் சேர்வது கடினம். ஆகவே ஃபிரெட்டிலினின் 19 பேர் வராமல் அந்தப் பிரிவில் ஓர் எழுத்தை மாற்றுவதும் எளிதில்லை. சி.என்.ஆர்.டி.யும் ஃபிரெட்டிலினும் மட்டும் கை கோத்தால் 50.

மலர்விழி

அந்த 50 பேர் உட்கார்ந்து பேசுவார்களானால் என் வாக்கு எந்தத் திருத்தத்துக்கு என்று சொல்லிவிடுகிறேன். ஜனாதிபதிக்கு நாள் வரம்பு வைக்கட்டும். அதற்குள் அழைக்க வேண்டும், அழைத்தவர் அதற்குள் அவையில் வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டும், சபாநாயகர் அதைத் தள்ளிப்போடக் கூடாது. டிலி வாசி அண்ணாவின் கேட்டில் நின்றவர்களுக்கு அது போதும். முதல் வாய்ப்பு யாருக்கு என்பதில் மட்டும் நான் இன்னும் உங்களோடு இல்லை, செங்கதிர் அண்ணா.